வண்டியை எங்கே நிறுத்துவது

புதிதாக வண்டிக்கு வந்திருப்பவர்கள் படிக்க ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று பஞ்சாயத்தில் கேட்டார்கள். எனக்கு வண்டி ஓட்டத்தான் தெரியும். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. அப்புறம் டிராக்டர், தேங்காய் லாரி, கடைசியில் இந்த வண்டி. சாவியைக் கொடுத்துவிட்டு இப்போது வீட்டில் இருக்கிறேன். இருக்கிறேன் என்று சொல்வதுதான். போன் அடித்தால் கை இன்னும் சட்டைப் பையில் சாவியைத் தேடுகிறது.

நம்முடையது பாலியேட்டிவ் வண்டி. நோய் முற்றியவர்கள், படுக்கையில் விழுந்தவர்கள், ஆஸ்பத்திரியில் இனிச் செய்ய அதிகம் இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள், இவர்களை வீட்டுக்கே போய்ப் பார்க்கிற வண்டி. நர்ஸ் சிஸ்டர் புண்ணுக்குக் கட்டுப் போடுவார். வலிக்கு மாத்திரை கொடுப்பார். காசு கிடையாது. இதெல்லாம் உங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். ஓட்டவும் உங்களுக்குத் தெரியும். நிறுத்துவதைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன். தொந்தரவு எல்லாம் அதில்தான்.

மலையாள மாநிலத்தின் எல்லையோரம், தமிழ் பேசுகிற நம் கிழக்குப் பக்கத்து ஊர்களில் தோட்டம் தொரவு உள்ளவர்கள் அதிகம். அவர்கள் வாசலில் நம் வண்டி நிற்பதை அவர்கள் விரும்ப மாட்டார்கள். இரண்டு காரணம். ஒன்று, ஓசி வண்டி. இல்லாதவர்களுக்கு வருவது. இன்னொன்று, இந்த வண்டி நின்றால் உள்ளே ஒருவர் பிழைக்க மாட்டார் என்று ஊருக்குத் தெரிந்துவிடும். அதனால் கோயில் பக்கம் நிறுத்துங்கள், ரேஷன் கடையில் நிறுத்துங்கள் என்பார்கள். சிஸ்டர் பையைத் தூக்கிக்கொண்டு தோப்புக்குள் நடந்து போவார். நான் வண்டியில் இருப்பேன். எனக்கு உட்காரவே வராது. கண்ணாடி துடைப்பேன். டயரை உதைத்துப் பார்ப்பேன். மறுபடியும் கண்ணாடி துடைப்பேன்.

ஒரு வீட்டில் பெரியவர் படுத்த படுக்கை. அங்கே மட்டும் வாசலிலேயே நிறுத்துவோம். மகன் எங்களை மாட்டாஸ்பத்திரி வண்டி என்று அக்கம்பக்கத்தில் சொல்லி வைத்திருந்தான். எங்களுக்கு அது தெரியாது. ஒருநாள் சிஸ்டர் வேலையை முடித்துக்கொண்டு வெளியே வந்தால், பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஒரு மாட்டைக் கயிற்றோடு பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

“ஏனுங்க டாக்டரம்மா, நேத்துல இருந்து கத்திக்கிட்டே இருக்குதுங்க. ஒரு ஊசியப் போட்டுட்டுப் போயிருங்க.”

சிஸ்டர் மேற்கே மண்ணார்க்காட்டுப் பக்கத்துக்காரர், வீட்டுப் பேச்சு மலையாளம். அவருடைய தமிழ் எங்களோடு சுற்றிக் கற்றது. மாட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். “இன்னிக்கு மருந்து தீர்ந்து போயி அண்ணா. நாளைக்கு வேற டாக்டர் வரும்” என்றார்.

வண்டியில் ஏறியதும் சிரித்தார். நானும் சிரித்தேன். கொஞ்ச தூரம் போனதும் அவர் சிரிப்பு நின்றுவிட்டது.

“அந்த அப்பாவப் பார்க்க ஒரு ஆளும் வராது இல்லையா அண்ணா. அந்த வீட்டுல மாட்டுக்குத்தான் சுகமில்லைன்னு எல்லாரும் நினைச்சிருக்கு.”

அன்றிலிருந்து எங்கே நிறுத்தச் சொன்னாலும் மனதுக்குள் ஒரு அரிப்பு.

நாச்சிமுத்து வீட்டுக்குப் போக ஆரம்பித்தது அதற்குப் பிறகு. தென்னந்தோப்புக்காரர். அவர் மனைவி சரஸ்வதிக்கு மார்பில் கட்டி. கோயமுத்தூரில் பெரிய ஆஸ்பத்திரியாகப் பார்த்துச் சேர்த்திருக்கிறார். நம் அரசாங்கத்துக் காப்பீட்டு அட்டை அவர்களிடம் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு திருச்சூர் மெடிக்கல் காலேஜுக்குப் போகச் சொல்லி, வீடு வீடாக வருகிற சுகாதார ஊழியர் ஆஷாப் பெண் நடையாய் நடந்திருக்கிறாள். இவர் கேட்கவில்லை. நமக்கு எல்லாம் எல்லை தாண்டிக் கிழக்கேதான். பேச்சு, கடை, சம்பந்தம் எல்லாம் அந்தப் பக்கம். ஆஸ்பத்திரியும் அப்படியே. ரோட்டோரத் தோப்பு முழுக்க விற்றுப் போன பிறகு, இனி வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று அங்கே சொல்லிவிட்டார்கள்.

கட்டி உடைந்து புண்ணாகிவிட்டது. நாற்றம். மருமகளோ மாமியாரோ இல்லாத வீடு. மகள் திவ்யா ஒருத்திதான். கொழிஞ்சாம்பாறையில் ஒரு பைனான்ஸ் ஆபீசில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவள் நின்றுவிட்டாள். எங்களைக் கூப்பிட்டவளும் அவள்தான். நாச்சிமுத்து கூப்பிடவில்லை.

முதல் நாளே அவர் என்னிடம் வந்தார்.

“டிரைவருங்களா, தப்பா எடுத்துக்காதீங்க. புள்ளைக்குப் பேச்சு நடக்குதுங்க. ஆனமலப் பக்கம். நல்ல எடம். இந்த மாதிரி நோவுன்னா பரம்பரையா வருமும்பாங்க. வண்டிய மட்டும் பால் சொசைட்டிகிட்ட நிறுத்திக்குங்க.”

நிறுத்தினேன். சிஸ்டர் நடந்தார். பெரிய பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவ்வளவு தூரம் நடக்க முடியாது. அதனால் சின்னப் பையில் வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்வார். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். வண்டி தூரத்தில் நின்றால் மருந்தும் தூரத்தில்தான் நிற்கும்.

சிஸ்டர் போக ஆரம்பித்த பிறகு வீட்டில் நாற்றம் நின்றது. சரஸ்வதியக்கா ராத்திரி தூங்கினார். வலி குறைந்ததும் அவர் முதலில் கேட்டது மகள் கல்யாணத்தைத்தான்.

நாள் குறித்துவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் நிச்சயத்துக்கு உப்பு சர்க்கரை மாற்றுவோம். மாப்பிள்ளை வீட்டார் வந்து, பெண்ணைப் பெற்றவர்கள் இரண்டு பேரும் எதிரே உட்கார்ந்து, மாற்றிக்கொள்ள வேண்டும். அப்பா மட்டும் உட்கார்ந்தால் அம்மா எங்கே என்ற கேள்வி வரும்.

அந்த வாரம் புண்ணில் லேசாக ரத்தம் கசிந்தது. சிஸ்டருக்கு அது பிடிக்கவில்லை. “ஒரு பத்து நாள் தள்ளி வைக்கணும்” என்றார்.

நாச்சிமுத்து தலையை ஆட்டினார். “தள்ளி வெச்சா ஏன்னு கேப்பாங்க சிஸ்டர். நீங்க அன்னைக்குக் காத்தால வந்து நல்லாக் கட்டி உட்ருங்க. ஒரு நேரம் உக்காந்து எந்திரிச்சாப் போதும்.”

சிஸ்டர் சரஸ்வதியக்காவைப் பார்த்தார். அவர், “உக்காந்துக்குவேன் சிஸ்டர்” என்றார். அவ்வளவுதான். நோயாளி ஒப்புக்கொண்ட பிறகு நாம் என்ன சொல்வது.

நிச்சயத்தன்று காலையில் சிஸ்டரைப் பால் சொசைட்டியில் இறக்கிவிட்டேன். கட்டுப் போட்டு முடித்ததும் அவர் திரும்பி வரவில்லை. வீட்டிலேயே இருக்கிறேன் என்று போன் செய்தார். மாப்பிள்ளை வீட்டாரிடம் பியூட்டி பார்லரில் இருந்து பெண்ணை அலங்கரிக்க வந்தவர் என்று சொல்லியிருக்கிறார்கள்.

“பையனோட சித்தி எங்கிட்ட மூஞ்சிக்கு என்ன போடலாம்னு கேட்குது அண்ணா. நான் என்ன சொல்ல?”

“கட்டுத்துணி இருக்குதுங்களே, அதப் போட்டு உடுங்க” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. நானும் பிறகு சிரிக்கவில்லை.

பால் சொசைட்டியில் காலைப் பால் ஊற்றி முடிந்து கேன்களைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். செக்ரட்டரி ரங்கசாமி வெளியே வந்து என் பக்கத்தில் நின்றார்.

“ஏனுங்க டிரைவரே, இன்னைக்கும் யாரு ஊட்டுக்குன்னு சொல்ல மாட்டீங்களாக்கு?”

“எதுக்குங்க.”

“சொல்லாட்டி உடுங்க. ஊருக்கே தெரியும். சரசக்கா பால் ஊத்த வர்றத நிறுத்தி எத்தன நாளாச்சு. புள்ள கல்யாணம் நல்லபடியா நடக்கட்டும்னு எல்லாரும் வாய மூடிக்கிட்டு இருக்கறம்.”

மாப்பிள்ளை வீட்டுக் கார்கள் எங்களைத் தாண்டிப் போயிருந்தன. நல்ல கார்கள். பூ மாலை கட்டியிருந்தார்கள். நான் வண்டியைச் சுற்றி நடந்தேன். வெயில் ஏறியது. வண்டியை நிழலுக்கு நகர்த்தினேன். பிறகு, அங்கிருந்து ரோட்டுக்கு எடுக்க நேரமாகும் என்று மறுபடியும் வெயிலுக்கே கொண்டுவந்தேன்.

“உக்காருங்க, நீங்க சுத்தறதப் பாத்தா எனக்குக் கண்ணக் கட்டுது” என்றார் ரங்கசாமி.

போன் அடித்தது. சிஸ்டர்.

“அண்ணா. வண்டி எடுத்து வா. பெரிய பெட்டி வேணும். ரத்தம் நிக்கல.”

குரல் மெதுவாகத்தான் இருந்தது. பக்கத்தில் ஆள் இருந்தால் அவர் அப்படித்தான் பேசுவார். மெதுவாகப் பேசினால் நிலைமை மோசம் என்று அர்த்தம். உங்கள் சிஸ்டர் எப்படிப் பேசினால் என்ன அர்த்தம் என்று நீங்களும் சீக்கிரம் கற்றுக்கொள்ளுங்கள்.

சாவியைத் திருப்பினேன். அதற்குள் மறுபடியும் போன். இந்தத் தடவை நாச்சிமுத்து. எங்கோ தொழுவத்துப் பக்கம் ஒதுங்கி நின்று பேசுகிறார் போல. மூச்சு வாங்கியது.

“டிரைவருங்களா, வண்டி வேண்டாமுங்க. பெட்டிய மட்டும் தோப்பு வழியா, பொறவாசலுக்குக் கொண்டாங்க. அவங்க சாப்புட்டுக்கிட்டு இருக்காங்க. இன்னுங் கொஞ்ச நேரந்தான், கெளம்பிருவாங்க. உங்க காலுல வேணும்னாலும் உழுகறனுங்க.”

அவர் சொன்னதில் தப்பில்லை. பெட்டியைக் கையில் கொண்டுபோனால் யாருக்கும் தெரியாது. ரத்தம் நின்றால் கல்யாணமும் நிற்காது. அவர் அழுகிறார். சிஸ்டர் அழவில்லை. அழுகிற குரல் காதில் பெரிதாகக் கேட்கும். நான் யோசித்தது ஒன்றுதான். இரண்டு பேரில் இப்போது அந்தப் புண்ணைக் கையால் அழுத்திக்கொண்டிருப்பது யார். சிஸ்டர் வண்டி என்றும் சொன்னார், பெட்டி என்றும் சொன்னார். இரண்டும் வேண்டும்.

“வர்றனுங்க” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன்.

ரங்கசாமி கேட்காமலே முன்சீட்டில் ஏறினார்.

அந்த வீட்டுக்குப் போவது ஒரு இட்டேரி. இரண்டு பக்கமும் கிளுவை வேலி, நடுவில் ஒரே ஒரு வண்டி போகும் மண் தடம். வேலி வளர்ந்து தடத்தின் மேல் சாய்ந்து கிடந்தது. கிளை இரண்டு பக்கமும் வண்டியைக் கீறியது. வளைவு திரும்பினால் முன்னால் கார். அதற்கு முன்னால் இன்னொன்று. வரிசையாக வீடு வரைக்கும் கார்கள்.

பெட்டியை ரங்கசாமியிடம் கொடுத்தேன். “பொறவாசல். சிஸ்டர் கையில குடுங்க. ஓடுங்க.” வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வேலிச் சந்தில் புகுந்து ஓடினார். அந்த உடம்பு ஓடும் என்று நான் நினைத்ததில்லை.

நான் ஹாரன் அடிக்க மாட்டேன். நோயாளி வீட்டுப் பக்கம் அடித்ததே இல்லை. அன்று அடித்தேன். கையை எடுக்காமல் அடித்தேன்.

வெள்ளை வேட்டி சட்டையில் ஒருவர் கை கழுவின ஈரத்தோடு வந்தார். மாப்பிள்ளையின் தாய்மாமன். கடைசிக் கார் அவருடையது.

“ஏனுங்க, எதுக்கு இந்த அடி அடிக்கறீங்க?” என்றவர் வண்டியின் நெற்றியில் எழுதியிருப்பதைப் பார்த்தார். மலையாள எழுத்து. படிக்கத் தெரியவில்லை போல. சிவப்பு விளக்கைப் பார்த்தார். “ஆஸ்பத்திரி வண்டிங்களா? தடம் மாறி வந்துட்டீங்களாட்ட இருக்குது. இங்க இந்த ஒரு ஊடுதானுங்க.”

“காரை எடுங்க.”

“எடுக்கறனுங்க. யாருக்கு மேலுக்கு முடியல?”

தோட்டத்தில் வேலை செய்கிற பொம்பளைக்கு என்று சொல்லிவிடலாம். நாக்கு நுனியில் வந்துவிட்டது. அந்த மனுஷன் நம்பியிருப்பார். ஆனால் அப்புறம் பட்டுச் சேலையில் ஒரு அம்மாவை எப்படி வெளியே தூக்கிக்கொண்டு வருவது. உண்மையைச் சொல்லலாம். அது என் வாயால் சொல்கிற விஷயமா. அந்த வீட்டின் பேச்சு அது. வண்டியை வாசலுக்குக் கொண்டுபோவது என் வேலை. வாசலில் என்ன சொல்வது என்பது அவர்கள் வேலை.

“காரை எடுங்க, அப்பறம் பேசலாமுங்க.”

“அட, சொல்லுங்க, சொன்னா எடுக்கறம்.”

அப்போது திவ்யா வந்தாள். நிச்சயச் சேலை, தலை நிறையப் பூ, செருப்பில்லாத கால். முன்கையெல்லாம் ரத்தம். ஓடி வந்தவள் அவருக்கு முன்னால் வந்ததும் நின்று, மூச்சை இழுத்துக்கொண்டு பேசினாள்.

“எங்கம்மாவுக்குங்க மாமா. மார்ல கட்டி. ரொம்ப நாளா இருக்குது. உங்ககிட்டச் சொல்லல. காரைக் கொஞ்சம் எடுத்துருங்க.”

அவர் அவள் கையைப் பார்த்தார். சட்டைப் பையில் சாவியைத் தேடினார். இரண்டு பைகளிலும் தேடி, கடைசியில் கையிலேயே இருந்ததைக் கண்டுபிடித்தார். மற்றக் கார்க்காரர்களையும் அவரே சத்தம் போட்டுக் கூப்பிட்டார். பின்பக்கமாக ஒவ்வொன்றாய் வந்தன. என் வண்டியையும் ரோடு வரைக்கும் பின்னால் எடுக்க வேண்டியிருந்தது. அந்த நேரத்தை மட்டும் இன்றைக்கும் என்னால் உட்கார்ந்து நினைக்க முடியவில்லை.

வாசலுக்குப் போனபோது பந்தி பாதியில் நின்றிருந்தது. இலையில் சாப்பாடு. எல்லோரும் எழுந்து சுவரோரமாக நின்றார்கள். நாற்காலியில் வைத்துத் தூக்கி வந்தோம். நானும் ரங்கசாமியும் ஒரு பக்கம், மறுபக்கம் நாச்சிமுத்து. மாரின் மேல் சிவப்புத் துண்டு. ரத்தம் தெரியாமல் இருக்க சிஸ்டர் பெரிய பெட்டியில் எப்போதும் சிவப்புத் துண்டுதான் வைத்திருப்பார். துண்டின் மேல் அவர் கை. அதை எடுக்கவே இல்லை. நாற்காலியோடு சேர்ந்து குனிந்தபடியே நடந்து வந்தார்.

சரஸ்வதியக்காவுக்கு முகம் வெளுத்திருந்தது. கண் திறந்திருந்தது. நின்றவர்களைப் பார்த்தார்.

“எல்லாரும் சாப்புட்டுட்டுப் போங்க” என்றார். “பாயாசம் இன்னும் வைக்கல.”

அவரை வண்டியில் ஏற்றினோம், நாச்சிமுத்துவும் சிஸ்டரோடு பின்னால் ஏறினார்.

ரோட்டுக்கு வந்ததும் பின்னால் இருந்து நாச்சிமுத்து குரல். “பொள்ளாச்சிக்கு உடுங்க. கிட்ட.”

சிஸ்டர், பொள்ளாச்சி வேண்டாம் என்றார். மேற்கே சித்தூர் தாலூக்கா ஆஸ்பத்திரிக்குப் போன் செய்துவிட்டாராம், ரத்தம் ஏற்பாடு ஆகிறதாம், அட்டையும் அங்கேதான் செல்லும். நாச்சிமுத்து கேட்கவில்லை. “அட்டையாவது மண்ணாவது. இன்னொரு தோப்ப வித்துக்கலாம். பொள்ளாச்சிக்கு உடுங்க.”

வண்டி முக்கில் நின்றது. கிழக்கே ஒரு ரோடு, மேற்கே ஒரு ரோடு. என் கால் பிரேக்கில்.

சரஸ்வதியக்காதான் பேசினார். சத்தம் வரவில்லை. நான் கண்ணாடியில் உதட்டைப் பார்த்தேன்.

“சித்தூருக்கே போங்கண்ணா. இருக்கற தோப்பாச்சும் இருக்கட்டும். புள்ளைக்கு வேணும்.”

மேற்கே திருப்பினேன்.

ரத்தம் நின்றது. அங்கே வைத்து ரத்தம் ஏற்றினார்கள். திருச்சூரில் இருந்து ஒரு டாக்டரிடம் போனில் கேட்டு, புண்ணுக்கு வேறு ஏதோ செய்தார்கள். காசு வாங்கவில்லை. நாச்சிமுத்து ஆஸ்பத்திரித் திண்டில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருந்தார். என்னோடு பேசவில்லை. டீ வாங்கிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார்.

நிச்சயம் நின்றுபோனது. தரகர் வந்து, ஜாதகத்தில் ஏதோ ஒரு இடம் சரியில்லை என்று இப்போதுதான் தெரிந்தது என்று சொல்லிவிட்டுப் போனார். திவ்யா என்னிடம் இதைச் சொல்லும்போது சிரித்தாள்.

“போன மாசம் நல்லாத்தான் இருந்துச்சாமாங்கண்ணா அந்த ஜாதகம். ஆஸ்பத்திரி வண்டியப் பாத்ததும் கெட்டுப்போச்சாட்ட இருக்குது.”

எனக்குச் சிரிக்க வரவில்லை. அவளும் சிரிப்பதை விட்டாள். “போனாப் போறாங்க, உடுங்க. அம்மாவ மறைச்சு வெச்சுட்டு நான் அங்க போயி எப்படிச் சோறு திங்கறது?”

நீங்கள் கேட்பீர்கள், பெட்டியை மட்டும் கொண்டுபோயிருந்தால் இரண்டும் நடந்திருக்குமா என்று. தெரியாது. சிஸ்டரிடம் ஒரு தடவை கேட்டேன். “அண்ணா, எனக்கு அந்தம்மாவோட ரத்தம்தான் தெரியும். அவரோட சம்பந்தம் எனக்குத் தெரியாது” என்றார். அவர் ரிட்டயர் ஆகி ஊருக்குப் போய்விட்டார். இதுபோன்ற வீடு உங்களுக்கும் வரும். இரண்டு போன் வரும். அப்போது உங்களுக்கும் யோசிக்க நேரம் இருக்காது. புண்ணின் மேல் கை வைத்திருப்பவர் சொல்வதைச் செய்யுங்கள். மற்றதை அந்த வீட்டாரிடம் விட்டுவிடுங்கள். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

சரஸ்வதியக்கா வீட்டுக்கு வந்த பிறகு முதல் நாள் போகிறோம். என்ன செய்வது என்று யாரும் சொல்லவில்லை. நாச்சிமுத்து அதுவரை பேசவில்லை. நான் பால் சொசைட்டியிலேயே நிறுத்தப் போனேன். சிஸ்டர் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

இட்டேரி முனையில் ஒரு ஆள் நின்று கையைக் காட்டினார். நாச்சிமுத்துதான். சட்டை இல்லை. கையில் கொடுவாள். உடம்பெல்லாம் கிளுவைப் பால். முனையிலிருந்து கண்ணுக்கு எட்டிய வரை இரண்டு பக்கத்து வேலியும் வெட்டிச் சாய்த்திருந்தது. வெட்டிய கிளைகள் ஓரத்தில் கிடந்தன. தடத்தில் வெயில் விழுந்தது.

என் முகத்தை அவர் பார்க்கவில்லை. வண்டிக்கு முன்னால் பின்பக்கமாகவே நடந்தபடி, கையை ஆட்டி ஆட்டிக் கூப்பிட்டார்.

“வாங்க. இடிக்காது, வாங்க. இந்தப் பக்கம் ஒடிச்சு வாங்க. இன்னுங் கொஞ்சம். வாசலுக்கே வந்துருங்க.”